சந்தா எந்த முகவரியில் இருக்கிறது? வீட்டுக் கணினியின் கணக்குச் சிக்கல்களைப் பிரித்தெடுக்கும் முறை

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அருகில் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், தம் மடிக்கணினியில் வேர்டைத் திறக்கும்போதெல்லாம் சந்தா முடிந்துவிட்டதாகவும் புதுப்பிக்க வேண்டுமென்றும் செய்தி வருகிறது என்று என்னை அழைத்தார். போய்ப் பார்த்தபோது, அந்த ஒரே மென்பொருளுக்கு அவர் வீட்டில் மூன்று தனித்தனி உரிமைகள் இருந்தன. கணினியுடனேயே வந்த நிரந்தர ஆஃபீஸ் உரிமம், விற்ற கடைக்காரர் அவசரத்துக்கு உருவாக்கித் தந்த ஒரு மின்னஞ்சல் முகவரியில் கிடந்தது. சென்னையில் இருக்கும் மகன் வாங்கித் தந்த ஓராண்டுச் சந்தா மகனுடைய முகவரியில் இருந்தது. இவை இரண்டையும் அறியாமல் அம்மா தாமே கைப்பேசியில் வாங்கிய மாதச் சந்தா அவருடைய ஜிமெயில் முகவரியில் ஓடிக்கொண்டிருந்தது. கணினியோ, இம்மூன்றிலும் சேராத நான்காவது முகவரியில் உள்நுழைந்திருந்தது. அந்த முகவரியில் இருந்தது காலாவதியான ஓர் இலவசச் சோதனைக் காலம் மட்டுமே. அன்று நாங்கள் எதையும் வாங்கவில்லை, எதையும் நீக்கவில்லை, மறுபடி நிறுவவும் இல்லை. சரியான முகவரியில் உள்நுழைந்ததும் வேர்டு திறந்துகொண்டது.

வீட்டுக் கணினிகளில் எழும் சந்தாச் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை என்பது என் அனுபவம். மென்பொருள் பழுதாவதில்லை; உரிமை ஒரு முகவரியிலும், கணினி வேறொரு முகவரியிலும், பணம் மூன்றாவது வழியிலும் இருப்பதே பழுதுபோலத் தோன்றுகிறது. ஆகவே எந்த முகவரியில் வாங்கப்பட்டது, எந்தக் கடை வழியாக வாங்கப்பட்டது, பணம் எந்த வழியில் கழிகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியும்வரை எந்தப் பொத்தானையும் அழுத்தாதீர்கள். குறிப்பாக, திரையில் பெரிதாகத் தெரியும் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தாதீர்கள். அது நீங்கள் அப்போது உள்நுழைந்திருக்கும் முகவரிக்கே புதிய சந்தாவை விற்கும். உங்களுக்கு ஏற்கெனவே சொந்தமானது வேறெங்கோ இருப்பதை அது அறியாது.

முதல் வேலை: ஒரு தாளும் பேனாவும்

வீட்டில் உள்ள அனைவருடைய மின்னஞ்சல் முகவரிகளையும், பயன்பாட்டில் இல்லாதவை உட்பட, ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு ஒவ்வோர் அஞ்சல்பெட்டியிலும் இன்வாய்ஸ், ரிசீப்ட், சப்ஸ்கிரிப்ஷன், ரினியூவல் ஆகிய சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து தேடுங்கள். ஸ்பேம் பகுதியையும் விட்டுவிடாதீர்கள். சந்தா வாங்கியபோது வந்த முதல் ரசீது எந்தப் பெட்டியில் இருக்கிறதோ, பெரும்பாலும் அதுவே அந்தச் சந்தாவின் உரிமையாளர் முகவரி. அந்த ரசீதை அனுப்பியவர் யார் என்பதையும் கவனியுங்கள். மென்பொருள் நிறுவனமே அனுப்பியிருந்தால் நேரடியாக வாங்கியது. கூகுள் பிளேயோ ஆப்பிளோ அனுப்பியிருந்தால் அவர்களுடைய கடை வழியாக வாங்கியது. இந்த வேறுபாடு பின்னால், ரத்து செய்யும் கட்டத்தில், மிகவும் தேவைப்படும்.

அடுத்து வங்கி அறிக்கை. பன்னிரண்டு மாதங்களுக்குப் பதிலாகப் பதின்மூன்று மாதங்களுக்கான அறிக்கையை எடுங்கள். ஆண்டுச் சந்தா வருடத்தில் ஒரே ஒரு வரியாகத்தான் தெரியும்; புதுப்பிக்கும் நாள் சற்று முன்பின்னாக நகர்ந்தால் பன்னிரண்டு மாத அறிக்கையில் அந்த ஒரு வரி தப்பிவிடக்கூடும். கடை வழியாக வாங்கிய சந்தாக்கள் பெரும்பாலும் மென்பொருளின் பெயரில் இல்லாமல் கடையின் பெயரில் பதிவாகும் என்பதால், கூகுள் என்றோ ஆப்பிள் என்றோ உள்ள ஒவ்வொரு வரிக்கும் பொருள் கண்டுபிடிக்க வேண்டும். சிறு தொகை என்று தாண்டிப் போகாதீர்கள். மாதம் 99 ரூபாய் என்பது ஆண்டுக்கு 1,188 ரூபாய். நான் பார்த்த வீடுகளில் மறந்துபோன சந்தாக்கள் எல்லாம் இந்த அளவிலேயே ஒளிந்திருந்தன.

ஒரே கணினியில் நான்கு வாசல்கள்

விண்டோஸ் கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கு ஓரிடத்தில் மட்டும் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் விண்டோஸுக்குள் நுழையும் கணக்கு, வேர்டும் எக்செலும் பயன்படுத்தும் கணக்கு, இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் கோப்புகளைச் சேமிக்கும் கணக்கு, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ள கணக்கு ஆகிய நான்கும் வெவ்வேறாக இருக்க முடியும். வேர்டைத் திறந்து ஃபைல் என்பதற்குள் அக்கவுண்ட் என்ற பகுதிக்குச் சென்றால், அங்கே உள்நுழைந்துள்ள பெயரும், நிறுவப்பட்டுள்ளது சந்தாவா நிரந்தர உரிமமா என்பதும், சந்தாவாயின் அது எந்த முகவரிக்குச் சொந்தமானது என்பதும் தெரியும். இந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் தாளில் உள்ள முகவரிகளில் எது உரிமையாளர் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால், உலாவியில் அக்கவுண்ட் டாட் மைக்ரோசாஃப்ட் டாட் காம் என்ற முகவரியைக் கையால் தட்டச்சு செய்து, ஒவ்வொரு மின்னஞ்சலாக உள்நுழைந்து, சந்தாக்கள் பகுதியைப் பாருங்கள். அரை மணி நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் சிக்கலின் பெரும்பகுதி இங்கேயே அவிழ்ந்துவிடும்.

வேர்டும் எக்செலும் அடங்கிய மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவில் பர்சனல் என்பது ஒருவருக்கானது. ஃபேமிலி ஆறு பேர்வரை பகிர்ந்துகொள்ளக்கூடியது. ஃபேமிலி சந்தாவில் உரிமையாளர் தம் கடவுச்சொல்லை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தேவையில்லை, கொடுக்கவும் கூடாது. பகிர்வு அழைப்பை அனுப்பினால் ஒவ்வொருவரும் தத்தம் முகவரியில் பயன்படுத்தலாம், ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சேமிப்பிடமும் கிடைக்கும். ஒரே கடவுச்சொல்லை நால்வர் பயன்படுத்தும் வீடுகளில் அப்பாவின் வங்கிக் கடிதங்களும் பேரனின் விளையாட்டுப் படங்களும் ஒரே ஒன்டிரைவில் கலந்து கிடப்பதைக் கண்டிருக்கிறேன். அதைப் பிரிப்பது, சந்தாச் சிக்கலைத் தீர்ப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

பெங்களூருக்கே உரிய இரண்டு சிக்கல்கள்

இந்த ஊரில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் பணிபுரிவோர் நிறைந்த வீடுகளில், சொந்தச் செலவில் வாங்கிய சந்தாவுக்குக்கூட அலுவலக மின்னஞ்சலைக் கொடுத்துவிடும் பழக்கம் இருக்கிறது. வேலை மாறும் நாளில் அந்த அஞ்சல்பெட்டி மூடப்படும், ஓ.டி.பி.யும் கடவுச்சொல் மாற்றும் இணைப்பும் அந்தப் பெட்டிக்கே போகும். கல்லூரி முகவரியில் கிடைத்த இலவச ஆஃபீஸும் இப்படியே, படிப்பு முடிந்து கல்லூரி அந்தக் கணக்கை நிறுத்தியதும் கோப்புகளுடன் சேர்ந்து கைவிட்டுப் போகும். ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே, எந்தெந்தச் சொந்தக் கணக்குகளில் அலுவலக முகவரி இருக்கிறது என்று பார்த்து மாற்றிவிடுங்கள். அறிவிப்புக் காலம் இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம், சில இடங்களில் கணக்கு அன்றே முடக்கப்படும்.

இரண்டாவது சிக்கல், எஸ்.பி. ரோடு போன்ற கணினிச் சந்தைகளில் வாங்கிய அல்லது பழுதுபார்த்த கணினிகளில் காணப்படுவது. அங்கே கடை வைத்திருப்போரில் நேர்மையும் திறமையும் உடையவர்கள் பலர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த பாதி உதிரிபாகங்கள் அங்கிருந்து வந்தவைதான். எனினும் வாடிக்கையாளர் காத்திருக்கும்போது வேலையை முடிக்க, கடைக்காரர் தாமே ஒரு மின்னஞ்சலை உருவாக்கி, தம் கைப்பேசி எண்ணைக் கொடுத்து, ஆஃபீஸைச் செயல்படுத்தித் தருவது உண்டு. அந்த நிமிடத்திலிருந்து உங்கள் உரிமத்தின் சாவி அவருடைய எண்ணில் இருக்கிறது. கணினியை எடுத்து வரும்முன், எந்த முகவரியில் செயல்படுத்தினீர்கள் என்று கேட்டு, கடையிலேயே உங்கள் சொந்த முகவரியில் உள்நுழைந்து முடியுங்கள். ஏற்கெனவே நடந்துவிட்டிருந்தால், அந்த மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் பெற்று, அதில் உங்கள் எண்ணையும் உங்கள் மாற்று மின்னஞ்சலையும் சேர்த்து, பிறகு அவருடைய எண்ணை நீக்குங்கள். சில நூறு ரூபாய்க்கு நிரந்தர உரிமம் என்று விற்கப்படும் சாவிகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, அவை வாங்கத் தகாதவை என்பதே: நிறுவனங்களுக்கான மொத்த உரிமத்திலிருந்து பிரித்து விற்கப்பட்ட சாவி எந்த நாளிலும் முடக்கப்படலாம், அப்போது கேட்பதற்கு உங்களிடம் முறையான ரசீது இருக்காது.

கணக்குக்குள்ளேயே நுழைய முடியாவிட்டால்

கடவுச்சொல் மறந்தவர்கள் பதற்றத்தில் செய்யும் முதல் தவறு, பத்து நிமிடத்துக்குள் இருபது முறை முயல்வது. இரண்டாவது தவறு, பக்கத்து வீட்டுக் கணினியிலிருந்தோ பிரவுசிங் சென்டரிலிருந்தோ மீட்க முயல்வது. நீங்கள் யார் என்பதைக் கூகுள் முடிவு செய்யும்போது, வழக்கமாகப் பயன்படுத்தும் சாதனத்திலிருந்தும் வழக்கமான இடத்திலிருந்தும் கோரிக்கை வருகிறதா என்பதையும் பார்க்கிறது. ஆகவே பழைய கைப்பேசி எவ்வளவு மெதுவாக இருந்தாலும், அதை வீட்டு வைஃபையில் இணைத்து, எப்போதும் பயன்படுத்தும் அதே உலாவியில் முயலுங்கள். பழைய கடவுச்சொல் ஏதேனும் ஒன்று நினைவிருந்தால், உறுதியாகத் தெரியாவிட்டாலும், கேட்கும்போது அதைக் கொடுங்கள்.

மைக்ரோசாஃப்ட் கணக்கில் மாற்று எண்ணும் மாற்று மின்னஞ்சலும் கைவசம் இல்லையென்றால், மீட்புப் படிவம் ஒன்று இருக்கிறது. பழைய கடவுச்சொற்கள், அண்மையில் அனுப்பிய அஞ்சல்களின் தலைப்புகள் போன்றவற்றை அது கேட்கும். கடவுச்சொல்லோடு ஓ.டி.பி. போன்ற இன்னொரு சான்றையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு இயக்கப்பட்ட கணக்குகளுக்கு அந்தப் படிவம் உதவாது. பாதுகாப்பு விவரங்கள் அனைத்தையும் ஒரேயடியாக மாற்றக் கோரினால் 30 நாள் காத்திருப்பு உண்டு. இந்த 30 நாட்களில் பொறுமையிழந்து மறுபடி மறுபடி கோரிக்கை இடாமல், திரை சொல்லும் நாளைக் காலண்டரில் குறித்துவிட்டு அதுவரை அப்படியே விட்டுவிடுவதே நல்லது.

இங்கே கைப்பேசி எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ இங்கு குடிவந்தவர்கள் பலர், கர்நாடக எண் வாங்கியதும் பழைய தமிழ்நாட்டு எண்ணுக்கு ரீசார்ஜ் செய்வதை நிறுத்திவிடுகிறார்கள். 2015 ஜூலை முதல் மாநிலம் மாறினாலும் அதே எண்ணைத் தக்கவைக்கும் வசதி நாடு முழுவதும் இருப்பதால், எண்ணை மாற்ற வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. துண்டிக்கப்பட்ட எண், 90 நாள் கழிந்தபின் முன்பின் தெரியாத வேறொருவருக்கு வழங்கப்படலாம். அப்போது உங்கள் கணக்கின் ஓ.டி.பி. அவருக்குப் போகும். பழைய எண்ணை விடுவதென்று தீர்மானித்தால், அது உயிரோடிருக்கும்போதே மின்னஞ்சல், வங்கி, சந்தா எல்லாவற்றிலும் புதிய எண்ணைச் சேர்த்து, ஒருமுறை வெளியேறி உள்நுழைந்து சோதித்த பிறகே விடுங்கள்.

கணக்கு கையில் இருக்கும் நல்ல நாளிலேயே செய்து வைக்க வேண்டிய இரண்டு வேலைகள் உண்டு. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், ஓ.டி.பி. வராதபோது உதவும் பத்து மாற்றுக் குறியீடுகளையும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் 25 எழுத்து மீட்புக் குறியீட்டையும் எடுத்து அச்சிட்டு, ஆதார் நகலும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் கோப்பில் வையுங்கள். அடுத்தது, விண்டோஸ் 11 கணினிகளில் தானாகவே இயங்கிவிடக்கூடிய, வட்டைச் சாவியின்றிப் படிக்க முடியாதபடி பூட்டும் வட்டு மறையாக்கத்தின் 48 இலக்க மீட்புச் சாவி. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து அமைக்கப்பட்ட கணினியில் இந்தச் சாவி அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்படுகிறது. மதர்போர்டு மாற்றினாலோ, சில வேளைகளில் கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் மென்பொருளை மேம்படுத்தினாலோ, கணினி நீலத் திரையில் இந்த 48 இலக்கங்களைக் கேட்கும். கடைக்காரர் உருவாக்கிய, கடவுச்சொல் எவருக்கும் தெரியாத முகவரியில் அந்தச் சாவி இருந்தால், வட்டில் உள்ள குடும்பப் படங்கள் எதுவும் திரும்பாது. எந்தத் தொழில்நுட்பரும் அதை உடைத்துத் தர முடியாது. மென்பொருள் உரிமம் போனால் பணம் கொடுத்து மறுபடி வாங்கலாம், இதை வாங்க முடியாது என்பதால்தான் முகவரியைப் பற்றி இத்தனை முறை சொல்கிறேன்.

ரத்து செய்வதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு

செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. அட்டை காலாவதியானால் நிற்கலாம், ஆனால் அது ரத்து ஆகாது. நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் பணம் செலுத்தத் தவறியவராகப் பதிவாகக்கூடும். ஆகவே முதலில் விற்ற இடத்தில் ரத்து செய்து, உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்ததைப் பார்த்து, அதன்பிறகு வங்கியில் உள்ள அனுமதியை நீக்குங்கள். கூகுள் பிளே வழியாக வாங்கியதைக் கூகுள் பிளேயின் சந்தாப் பகுதியிலும், ஐஃபோன் வழியாக வாங்கியதை அமைப்புகளில் உங்கள் பெயருக்குக் கீழே உள்ள சந்தாப் பகுதியிலும்தான் ரத்து செய்ய முடியும். மென்பொருள் நிறுவனத்தின் தளத்தில் அதற்கான பொத்தானைத் தேடிக் களைத்துப் போகாதீர்கள். மைக்ரோசாஃப்ட்டில் தானியங்கிப் புதுப்பிப்பை மட்டும் நிறுத்திவிட்டு, கட்டிய காலம் முடியும்வரை பயன்படுத்தும் வழி இருக்கிறது. பெரும்பாலோருக்கு அதுவே போதுமானது.

மாதாமாதம் பணம் கட்டுவதால் எந்த மாதமும் விலகலாம் என்று கருதிவிடக் கூடாது. ஆண்டு ஒப்பந்தம் செய்து, தொகையை மட்டும் மாதத் தவணையில் வாங்கும் திட்டங்கள் உள்ளன. இடையில் விலகினால் மீதத் தொகையில் ஒரு பகுதி கட்டணமாகக் கேட்கப்படும். ஃபோட்டோஷாப் மென்பொருளை விற்கும் அடோபியின் இத்தகைய திட்டத்தில் இந்த விலகல் கட்டணம் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்று அமெரிக்க அரசு 2024 ஜூனில் வழக்குத் தொடுத்தது. வாங்கும் பக்கத்தில் ஆண்டு என்ற சொல்லும் மாதம் என்ற சொல்லும் ஒரே வரியில் வந்தால், நின்று நிதானமாகப் படியுங்கள்.

பணத்தின் பக்கத்தில் இந்தியப் பயனருக்கு நல்ல பாதுகாப்பு ஒன்று இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. அட்டையிலிருந்து தானாகக் கழியும் தொகைகளுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த விதிமுறை 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன்படி முதல்முறை பதிவுசெய்யும்போது உங்கள் ஒப்புதல் சரிபார்க்கப்பட வேண்டும்; பிறகு ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வங்கி செய்தி அனுப்ப வேண்டும்; அந்தச் செய்தியிலிருந்தே குறிப்பிட்ட பரிவர்த்தனையையோ முழு அனுமதியையோ மறுக்க வழி இருக்க வேண்டும். சந்தா போன்ற செலவுகளில் ஓ.டி.பி. இல்லாமல் கழியக்கூடிய தொகை 2022 ஜூனில் 5,000 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாள்தோறும் வரும் விளம்பரச் செய்திகளுக்கிடையே இந்த ஒரு செய்தியைத் தவறவிடுவது எளிது. வங்கியின் செய்திகளுக்குத் தனி ஒலி வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் வயதானவர்களிடம் சொல்வதுண்டு. யு.பி.ஐ. வழியாகக் கொடுத்த அனுமதிகளை உங்கள் யு.பி.ஐ. செயலியிலேயே ஆட்டோபே என்ற பகுதியில் காணலாம், அங்கேயே நீக்கலாம். ஒன்றோ இரண்டோ ரூபாய்க்கு ஒரு வாரச் சோதனை என்று பின் எண்ணைக் கேட்கும் திரையில், அதிகபட்சத் தொகை என்று கீழே எழுதியிருப்பதைப் பாருங்கள். நீங்கள் ஒப்புதல் தருவது அந்தத் தொகைக்குத்தான்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: நீங்கள் தொடர விரும்பும் சந்தா திடீரென்று நின்றுபோவது. கடைகளும் செயலிகளும் அட்டை எண்ணைத் தம்மிடம் வைத்துக்கொள்வது 2022 அக்டோபர் முதல் நிறுத்தப்பட்டு, அட்டை எண்ணுக்குப் பதிலாக டோக்கன் எனப்படும் பதிலி எண் சேமிக்கப்படுகிறது. வங்கி உங்களுக்குப் புதிய அட்டை கொடுத்தால், பழைய அட்டையில் தந்த அனுமதிகள் புதிய அட்டைக்குத் தாமாக வந்துசேரும் என்று நம்பியிருக்க வேண்டாம். உங்கள் தாளில் உள்ள சந்தாக்களில் தேவையானவற்றை மட்டும் புதிய அட்டையில் பதியுங்கள். தேவையற்றவற்றைக் களைய இதைவிட நல்ல தருணம் வாய்க்காது.

சந்தாவை விடும்முன் கோப்புகள்

மைக்ரோசாஃப்ட் 365 முடிந்தால் உங்கள் ஆவணங்கள் அழிந்துவிடுவதில்லை. கணினியில் நிறுவிய வேர்டில் அவற்றைத் திறந்து படிக்கலாம், அச்சிடலாம். திருத்த முடியாது, அவ்வளவுதான். உண்மையான ஆபத்து ஒன்டிரைவில் இருக்கிறது. 1 டெராபைட் இடம் 5 ஜிகாபைட்டாகச் சுருங்கும். அதற்கு மேல் கோப்புகள் இருந்தால் புதியவற்றைச் சேர்க்க முடியாது, இருப்பவற்றை இறக்கிக்கொள்ளலாம், நீண்ட காலம் அப்படியே விட்டால் அவை நீக்கப்படும் வாய்ப்பும் உண்டு. உங்கள் டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸ் கோப்புறையும் ஒன்டிரைவுக்குள்ளேயே இருப்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கோப்பின் அருகில் மேகக் குறி இருந்தால் அது கணினியில் இல்லை, இணையத்தில் மட்டுமே இருக்கிறது. பச்சை நிறச் சரிக்குறி இருந்தால் கணினியிலும் இருக்கிறது. ஒன்டிரைவிலிருந்து வெளியேறும்முன், கோப்புறையின்மீது வலது சொடுக்குப் போட்டு, எப்போதும் இந்தச் சாதனத்தில் வைத்திரு என்ற தெரிவைக் கொடுத்து, எல்லாக் குறிகளும் பச்சையான பிறகு ஒரு வெளி வட்டில் நகல் எடுங்கள். டெஸ்க்டாப் காலியாகிவிட்டது என்று அழுகையோடு அழைத்தவர்களின் கோப்புகள், நான் பார்த்த அளவில், ஒன்டிரைவ் கோப்புறைக்குள் பத்திரமாகவே இருந்தன. ஆகவே அப்படி நேர்ந்தால் மீட்பு மென்பொருள் எதையும் நிறுவாமல் முதலில் அங்கே பாருங்கள்.

கூகுளில் ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிகாபைட் இலவசம். கூடுதல் இடத்துக்கான கூகுள் ஒன் சந்தாவை நிறுத்தி இந்த அளவைத் தாண்டியிருந்தால், புதிய மின்னஞ்சலே வராது. மற்றச் சந்தாக்களின் ரசீதும் கடவுச்சொல் மாற்றும் இணைப்பும் வந்துசேர வேண்டிய பெட்டி இதுவாக இருந்தால், ஒரு சந்தாவை நிறுத்தியது பத்துச் சிக்கல்களுக்கு வாசலாகிவிடும்.

பயமுறுத்தும் அறிவிப்புகளும் போலி உதவி எண்களும்

உங்கள் ஆன்டிவைரஸ் புதுப்பிக்கப்பட்டது, இத்தனை ஆயிரம் ரூபாய் கழிக்கப்படும், ரத்து செய்ய இந்த எண்ணை அழையுங்கள் என்று ஒரு மின்னஞ்சல் வந்தால், அந்த எண்ணை ஒருபோதும் அழைக்காதீர்கள். உங்கள் தாளை எடுத்து அப்படியொரு சந்தா இருக்கிறதா என்று பாருங்கள். தாள் இருக்கும் வீட்டில் இந்த மோசடி எடுபடுவதில்லை. மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் எப்போதும் இருக்காது. தேடுபொறியில் வாடிக்கையாளர் சேவை என்று தேடிக் கிடைக்கும் எண்ணையும் நம்ப வேண்டாம். மறுமுனையில் இருப்பவர் எனிடெஸ்க் போன்ற, திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொன்னால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி 2019 ஆம் ஆண்டிலேயே வங்கிகளை இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஆன்டிவைரஸ் கட்டணமின்றி உடன் வருகிறது என்பதையும், விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தாலும் கணினி அதனால் நின்றுவிடாது என்பதையும் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், அந்த நிமிடமே வங்கிக்கும், 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையின்படி, நீங்களே ஓ.டி.பி.யைச் சொல்லியிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு நிகழும் இழப்பு வங்கியைச் சேரும். ஆகவே ஒவ்வொரு மணி நேரமும் மதிப்புள்ளது. பெங்களூரில் இத்தகைய வழக்குகளை சி.இ.என். (சைபர், பொருளாதார, போதைப்பொருள் குற்றங்கள்) என்று அழைக்கப்படும் காவல் நிலையங்கள் கையாளுகின்றன.

மோசடி இல்லாமல், முறையான நிறுவனமே ரத்து செய்ய விடாமல் இழுத்தடித்தால், வழி வேறு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிமுறைகள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்கின்றன. ரத்து செய்யும் வழியை ஒளித்துவைக்கும் சந்தாப் பொறி அவற்றில் ஒன்று. முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்பி, அதன் நகலுடன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அங்கே தமிழிலும் பேசலாம் என்பது, இந்தியோ கன்னடமோ சரளமாக வராமல் இந்த ஊரில் தயங்கி நிற்கும் நம் பெரியவர்களுக்குப் பெரிய ஆறுதல். குறை வங்கியின் பக்கம் இருந்து, 30 நாளில் விடை வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

கணக்கின் உரிமையாளர் இறந்துபோனால்

இதை எழுதத் தயக்கமாக இருந்தாலும், என்னிடம் வந்த கேள்விகளில் மிகவும் மனம் கனக்கச் செய்தது இதுவே. கணவர் இறந்த மறுவாரமே அவருடைய கைப்பேசி எண்ணையும் அட்டையையும் நிறுத்திவிட்ட ஒரு குடும்பத்தில், இருபது ஆண்டுப் படங்கள் இருந்த கணக்குக்குள் நுழைய ஓ.டி.பி. வரவேண்டிய எண்ணே இல்லாமல் போயிருந்தது. துக்க வீட்டில் இதெல்லாம் யாருக்கு நினைவிருக்கும்? அதனால் எண்ணைக் குறைந்தது ஆறு மாதமாவது ரீசார்ஜ் செய்து வைத்திருங்கள். கூகுளிலும் மைக்ரோசாஃப்ட்டிலும் இரண்டு ஆண்டு பயன்படுத்தப்படாத கணக்கு நீக்கப்படலாம் என்பதால், அந்தக் காலத்துக்குள் படங்களையும் ஆவணங்களையும் இறக்கிக்கொள்ள வேண்டும்.

உயிரோடிருக்கும்போதே செய்வது இன்னும் எளிது. கூகுள் கணக்கில் செயலற்ற கணக்கு மேலாளர் என்ற வசதியில், 3 முதல் 18 மாதம் வரை நீங்கள் கணக்கைப் பயன்படுத்தாவிட்டால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும், எந்தத் தரவைக் கொடுக்க வேண்டும் என்று பத்துப் பேர்வரை குறிப்பிடலாம். ஆப்பிள் கணக்கில் மரபுத் தொடர்பாளர் ஒருவரை நியமிக்கலாம்; அவருக்குத் தரப்படும் சாவியையும் இறப்புச் சான்றிதழையும் கொண்டு அவர் தரவைப் பெறலாம். மைக்ரோசாஃப்ட் கணக்குக்கு உங்கள் 25 எழுத்து மீட்புக் குறியீடு இருக்கும் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவருக்காவது சொல்லுங்கள். அந்தத் தமிழாசிரியை தம் தாளை நான்கு பிரதி எடுத்து, ஒன்றைச் சென்னையில் உள்ள மகனுக்கு அனுப்பி வைத்தார்; அதில் முகவரிகளும் சந்தா தேதிகளும் இருந்தன, கடவுச்சொற்கள் இல்லை. அவை தனி உறையில், பீரோவில் இருக்கின்றன.